ஒரு வாய் ரொட்டி

தருமபுரி மாவட்டத்தின் கடத்தூர் வட்டாரத்துக் குடும்பங்களைச் சந்திக்க நாம் செல்லும்போது, ஒரு வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் இல்லை என்பதை எவரும் சொல்லாமலேயே அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அலமாரியிலோ சன்னல் மேடையிலோ ரொட்டிப் பொட்டலம் ஒன்று இருந்தால் போதும். கேழ்வரகுக் களியும் அரிசிச் சோறும் உண்டு உழைக்கும் இம்மக்கள், நலமாய் இருக்கும் நாளில் ரொட்டி வாங்குவது அரிது. காய்ச்சல் என்றால் ரொட்டி. வயிறு சரியில்லை என்றால் ரொட்டி. மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போவதென்றால், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் சாத்துக்குடியும். தமிழகத்தின் பெரும்பாலான சிற்றூர்களில் இதுவே வழக்கம்.

இவ்வழக்கம் நம் பெற்றோர் காலத்தில் வேரூன்றியது எனலாம். 1965-இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பெற்ற மாடர்ன் பேக்கரீஸ், நகரங்களில் செய்த ரொட்டியைப் பட்டி தொட்டிகளின் கடைகள் வரை கொண்டு சேர்த்தது. அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தனியார் கைக்கு மாறிய பின்பும், 'மாடர்ன் ரொட்டி' என்ற சொல் முதியோர் நாவில் நிலைத்துவிட்டது. மருத்துவரும், 'பாலும் ரொட்டியும் கொடுங்கள்' என்றார். எளிதில் செரிக்கும், எங்கும் கிடைக்கும், சமைக்க வேண்டியதில்லை என்ற மூன்று காரணங்களால் ரொட்டி நோயாளியின் உணவாயிற்று.

ஆனால் நோயாளி எத்தனை துண்டுகள் உண்கிறார்? முதல் நாள் பாலில் தோய்த்து இரண்டு. மறுநாள் தேநீரில் தோய்த்து ஒன்று. மூன்றாம் நாள், 'அதைக் கண்ணில் காட்டாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பார்க்க வந்த உறவினர் நால்வர் எனில் வீட்டில் நான்கு பொட்டலங்கள் சேர்ந்திருக்கும். அவை உலர்ந்து, விறைத்து, ஐந்தாம் நாளில் கோழிக்கோ மாட்டுக்கோ போய்ச் சேர்கின்றன. அன்போடு வாங்கி வந்த பொருள் அது. ஆயினும் உண்ணப்படாமலே போகின்றது.

மீந்து உலர்ந்த ரொட்டியை என்ன செய்வது என்ற இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ரொட்டியே அன்றாட உணவாகிய நாடுகளில் இதற்கு விடை மிகப் பழங்காலத்திலேயே கிடைத்துவிட்டது. அப்பீசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் பழைய உரோமைச் சமையல் நூலில், வெள்ளை ரொட்டியின் ஓரங்களை நீக்கி, பெரிய துண்டுகளாகப் பிட்டு, பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறும் முறை காணப்படுகின்றது. பிற்காலத்தார் பாலோடு முட்டையும் சேர்த்தனர். நம்மவர் 'பிரெஞ்சு டோஸ்ட்' என்றும் 'பம்பாய் டோஸ்ட்' என்றும் அழைப்பது இதனைத்தான். பிரெஞ்சுக்காரரோ இதனைப் பிரெஞ்சு டோஸ்ட் என்பதில்லை. 'பேன் பெர்த்யூ' என்கின்றனர். 'இழந்துபோன ரொட்டி' என்பது அதன் பொருள். செருமானியர் 'ஏழை வீரர்' எனப் பொருள்படும் பெயரை இதற்கு இட்டுள்ளனர். இறைச்சி வாங்க இயலாதவன் முட்டையில் தோய்த்த ரொட்டியால் பசியாறினான் போலும்.

இவற்றுள் நம் உள்ளத்தைத் தொடுவது ஐபீரியத் தீபகற்பத்து வழக்கமே. இசுபானிய நாட்டில் இதற்கு 'தொர்ரீகாஸ்' என்று பெயர். தவக்காலத்திலும் புனித வாரத்திலும் அந்நாட்டு இல்லங்களில் இது தவறாமல் செய்யப்படுகின்றது. அதற்கும் முன்பே, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிள்ளை பெற்ற தாய்மார் உடல் தேறுவதற்கு உரிய உணவாக இது அங்குப் பேசப்பட்டது. போர்த்துக்கீசில் கிறிஸ்து பிறப்பு விழாவின் பலகாரமாகிய இதற்கு, 'பிள்ளை பெற்றவளின் துண்டுகள்' எனப் பொருள்படும் மற்றொரு பெயரும் வழங்குகின்றது. அந்தப் போர்த்துக்கீசியர் தந்த சொல்தான் இலங்கைத் தமிழர் இன்றும் ரொட்டிக்கு வழங்கும் 'பாண்' என்பதும். ஆக, ரொட்டி நோயாளிக்கு உரியது என்று நம் ஊர் கருதுவதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அதனை வெறுமனே உலர்ந்த துண்டாகக் கொடாமல், பாலும் முட்டையும் ஊட்டி, நெய் மணக்கச் செய்து கொடுத்தல் வேண்டும் என்பதை மேலைநாட்டுத் தாய்மார் கண்டறிந்திருந்தனர்.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல விழைந்த செய்திக்கு வருவோம். அது ரொட்டித் துண்டின் அளவைப் பற்றியது.

கடையில் நாம் வாங்கும் ரொட்டித் துண்டின் அளவை முடிவு செய்தவர் யார்? உண்பவரா? இல்லை. அமெரிக்க நாட்டில் ஆட்டோ ரோவெடர் என்பவர் உருவாக்கிய இயந்திரம், 1928-ஆம் ஆண்டு சூலை 7 அன்று மிசௌரி மாநிலத்துச் சில்லிக்கோத்தே என்னும் ஊரில், துண்டு போட்ட ரொட்டியை முதன்முதலாக விற்பனைக்குத் தந்தது. அன்று முதல் ரொட்டித் துண்டின் அளவை இயந்திரமே முடிவு செய்கின்றது. அந்தத் துண்டு நல்ல பற்களும் இரு கைகளும் உடையவருக்கு ஏற்றது.

நம் ஊர்க் களியோ அப்படிப்பட்டதன்று. உருண்டையாகத் தட்டில் வந்தாலும், உண்பவர் தம் விரல்களால் வேண்டிய அளவு கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குகின்றார். குழந்தைக்குச் சுண்டைக்காய் அளவு. உழவருக்கு எலுமிச்சை அளவு. ஒவ்வொரு வாய்க்கும் அதற்குரிய அளவை அவரவர் கையே அளந்துகொள்கின்றது. ஆனால் அந்தக் கையே செயலற்றுப் போனால்?

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் அதுவே நிகழ்ந்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரார் அவரை 'வாத்தியார் ஐயா' என்றே அழைப்பர். கரும்பலகையில் அவர் எழுதிய எழுத்து அச்சுப் போல் இருக்கும் என்று பழைய மாணவர்கள் இன்றும் சொல்வதுண்டு. தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, அவருக்கு வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றமையால் உயிர் பிழைத்தார். சில வாரங்களில், சற்றே குழறினாலும் புரியும்படி பேசினார். தாங்கிப் பிடித்தால் நான்கு அடி நடந்தார். அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இயன்முறைப் பயிற்சி அளிப்பவர் வீட்டிற்கே வந்து சென்றார். ஆனால் வலக்கை மட்டும் மடியில் கிடந்தபடியே கிடந்தது.

வலக்கைக்கு நம் ஊர்களில் 'சோற்றுக்கை' என்றே பெயர். அந்தப் பெயரில் எத்தனை கண்டிப்பு அடங்கியுள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இடக்கையால் உண்பது இழிவு என்று மழலைப் பருவத்திலேயே நமக்குக் கற்பிக்கப்படுகின்றது. வாத்தியார் ஐயாவோ அதனை வகுப்பறையிலும் வீட்டிலும் பிறருக்குக் கற்பித்தவர். பெங்களூரில் வாழும் அவருடைய மகளின் பெண்குழந்தை இயல்பாகவே இடக்கைப் பழக்கம் உடையவள். பத்துப் பேரில் ஒருவர் அப்படிப் பிறப்பதுண்டு. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சிறுமியிடம், 'சோத்துக்கை எது?' என்று கேட்டு, இடக்கையில் இருக்கும் கவளத்தை வலக்கைக்கு மாற்றச் செய்வார் பாட்டனார்.

அத்தகையவர் இடக்கையால் உண்ண இசைவாரோ? இசையவில்லை. மனைவி ஊட்டினார். ஐம்பது ஆண்டுகளாகத் தாம் சமைத்ததைப் பரிமாறி, அவர் உண்பதைப் பார்த்து மகிழ்ந்த அம்மையார், இப்போது கரண்டியை எடுத்து அவர் வாயருகே கொண்டு சென்றார். அவர் மறுக்கவில்லை, கண்களை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். மூன்று வாய் ஆனதும், 'போதும்' என்பார். நாளுக்கு நாள் உடல் மெலிந்தது. 'பசி இல்லையாம் சாமி' என்றார் அம்மையார். பசி இல்லாமல் இல்லை. ஊட்டப்படுவதைத்தான் அவரால் தாங்க இயலவில்லை. உறவினர் கொணர்ந்த ரொட்டிப் பொட்டலங்கள் வழக்கம் போல் அலமாரியில் அடுக்கியிருந்தன.

மே மாத விடுமுறைக்கு மகள் வந்தபோது, சிறுமியோடு பெரிய அட்டைப் பெட்டி ஒன்றும் வந்தது. 'ஏர் ஃப்ரையர்' என்னும் புதுமுறை அடுப்பு அது. எண்ணெய் இன்றிப் பொரிக்கும் இயந்திரம் என்று கடைக்காரர் சொல்வர். உண்மையில் அது பொரிப்பதில்லை, சுடுகின்றது. மேற்புறத்தில் மின்கம்பி பழுக்கக் காய்கின்றது. அதன் மேலுள்ள விசிறி அந்த வெப்பக் காற்றைச் சுழற்றிச் சுழற்றி, கீழே துளைத் தட்டில் வைத்துள்ள பண்டத்தின் எல்லாப் பக்கங்களிலும் வீசுகின்றது. சிறியதொரு ரொட்டி அடுப்பினுள் புயலை அடைத்து வைத்தாற்போன்றது எனலாம். நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் இதனை அறிமுகம் செய்தது. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. சூடான காற்று வேகமாக மோதுவதால் பண்டத்தின் மேற்புறத்து ஈரம் விரைவில் உலர்ந்து மொறுமொறுப்பாகின்றது. 140 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும்போது, முட்டையிலும் பாலிலும் உள்ள புரதமும் சர்க்கரையும் கூடிப் பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. இந்த வேதியியல் மாற்றத்தை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையாரின் பெயராலேயே அது வழங்குகின்றது.

மகள் செய்ததை அம்மையார் நமக்கு விரிவாகச் சொன்னார். வாசகர்களுக்கும் பயன்படும் ஆகையால் அதனை இங்குத் தருகின்றோம்.

கடைத்தெரு ரொட்டிக் கடையில், துண்டு போடாத முழு ரொட்டியைக் கேட்டு வாங்குக. அது ஒரு நாள் பழையதாக இருத்தல் நலம். புது ரொட்டி பாலில் நனைந்தவுடன் குழைந்துவிடும். சற்று விறைத்த ரொட்டியோ பாலை உள்வாங்கியும் உருவம் குலையாது நிற்கும். ரொட்டி விறைப்பது ஈரம் போவதால் மட்டுமன்று. அதிலுள்ள மாவுப்பொருள் மீண்டும் இறுகிக்கொள்வதாலும் ஆகும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இது இன்னும் விரைவாக நிகழும். மீண்டும் சூடேறும்போது அந்த இறுக்கம் பெரும்பகுதி தளர்ந்துவிடுகின்றது. உலர்ந்த ரொட்டி மீண்டும் மென்மையாவதன் மறைபொருள் இதுவே. ஆனால் பூசணம் பூத்த ரொட்டியை எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது. பச்சைப் புள்ளி தெரியும் இடத்தை மட்டும் கிள்ளி எறிந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அதன் நுண்ணிய இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும்.

ரொட்டியை ஓர் அங்குலச் சதுரக் கட்டிகளாக வெட்டுக. இருபத்தைந்து கட்டிகளுக்கு முட்டை 2, பால் அரை டம்ளர், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை, உப்புக் கடுகளவு போதும். இவற்றை நன்றாக அடித்துக் கலந்து, ரொட்டிக் கட்டிகளை அதில் இட்டு, பத்து எண்ணுவதற்குள் புரட்டி எடுத்துச் சல்லடையில் வடியவிடுக. அதிகம் ஊறினால் முட்டைக் கலவை துளைத் தட்டின் வழியே ஒழுகிக் கருகும். தட்டில் ஒரு தேக்கரண்டி நெய் தடவி, கட்டிகள் ஒன்றையொன்று தொடாதவாறு ஒரே அடுக்காகப் பரப்புக. ஒன்றன் மேல் ஒன்று குவித்தால் காற்றுப் புக வழியின்றி நடுவே சொதசொதவென்று இருக்கும். 180 பாகை வெப்பத்தில் 4 நிமிடம். பின் தட்டை வெளியே இழுத்துக் குலுக்கிவிட்டு, மேலும் 3 அல்லது 4 நிமிடம். ஒரு கட்டியைப் பிட்டுப் பார்த்து, உள்ளே முட்டை நன்கு வெந்துள்ளதை உறுதி செய்தபின் எடுக்கவும். ஒட்டாமல் இருக்கத் தாள் விரிப்போர், தாளின் மேல் பண்டம் இல்லாத நிலையில் இயந்திரத்தை ஓடவிடலாகாது. காற்றில் தாள் எழும்பி மின்கம்பியில் பட்டால் தீப்பற்றும். மின்செலவைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. 1,500 வாட் இயந்திரம் 8 நிமிடம் ஓடினால், ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கே ஆகும்.

முதல் வெள்ளியன்று நோயாளருக்கு நற்கருணை வழங்க நாம் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். செபம் முடிந்து சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அடுக்களையிலிருந்து நெய்யும் ஏலக்காயும் கலந்த மணம் வந்தது. சிறுமி ஒரு பெரிய தட்டு நிறைய அந்தப் பொன்னிறக் கட்டிகளைக் கொண்டுவந்து கட்டிலின் மேல் வைத்தாள். அம்மையார் வழக்கம் போல் கரண்டியோடு அருகே வந்தார். வாத்தியார் ஐயா கண்களை மூடிக்கொண்டார்.

சிறுமி பாட்டனாரின் இடப்பக்கம் ஏறி அமர்ந்து, தன் இடக்கையால் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லும் ஓசை கேட்டு அவர் கண் திறந்தார். பழைய வழக்கம் விடுமோ? குழறிய குரலில், 'சோத்துக்கை... எது?' என்றார்.

சிறுமி இடக்கையை உயர்த்திக் காட்டினாள். 'எனக்கு இதுதான் தாத்தா. இப்ப உங்களுக்கும் இதுதான்' என்றாள்.

வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. மகள் அடுக்களை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். குழந்தை வாயில் வந்த சொல் அது; அதட்டவும் இயலாது, மழுப்பவும் இயலாது. நமக்கும் என்ன சொல்வதென்று தோன்றவில்லை. தட்டை நோக்கிக் கை நீட்டி, நாமும் இடக்கையால் ஒரு கட்டியை எடுத்து உண்டோம். நாம் உண்பதை அவர் உற்றுப் பார்த்தார். பின்னர் மெல்லத் தம் இடக்கையை உயர்த்தினார். முதல் கட்டி விரல்களிலிருந்து நழுவிப் போர்வையில் விழுந்தது. எவரும் அதனை எடுத்துக் கொடுக்கவில்லை. அம்மையாரின் கையைச் சிறுமி பற்றிக்கொண்டாள். இரண்டாவது கட்டி வாய் வரை சென்றது. முழுத் துண்டு ரொட்டியாக இருந்திருப்பின் ஒற்றைக் கையால் பிட்டிருக்க முடியாது. சோறாக இருந்திருப்பின் பழகாத விரல்களில் சிந்திச் சிதறியிருக்கும். ஓர் அங்குலக் கட்டி, இரு விரல்களுக்குள் அடங்கி, ஒரே வாயில் முடிந்தது.

ஐந்தாவதை உண்ட பின் வாத்தியார் ஐயா வாய் திறந்து பேசினார். 'ஏலக்காய் கொஞ்சம் அதிகம்' என்றார்.

அம்மையார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பின்னர் சிரித்தார். 'மூணு மாசமா உப்பு இருக்கா இல்லையான்னுகூட ஒரு வார்த்தை சொன்னதில்ல சாமி!' என்றார்.

அந்தச் சொற்களை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். பிறர் ஊட்ட உண்பவருக்கு, உணவில் குறை கண்டாலும் அதனைச் சொல்ல மனம் வருவதில்லை. நன்றிக் கடன் அவர் நாவைக் கட்டிவிடுகின்றது. தாமே எடுத்து உண்பவரே, 'உப்புக் குறைவு, காரம் அதிகம்' என்று உரிமையோடு சொல்கின்றார். குறை சொல்லும் உரிமை திரும்பிய அன்றுதான், அவர் மீண்டும் அந்த வீட்டின் தலைவரானார்.

இங்கு எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும். பக்கவாதத்தால் தாக்கப்பட்ட பலருக்கு, விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கும். அத்தகையோர் உண்ணும்போது உணவு மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும் ஆபத்து உண்டு. உலர்ந்த ரொட்டி அவர்களுக்கு மிகவும் கேடானது. எதனை, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டறிந்த பின்னரே கொடுத்தல் வேண்டும். வாத்தியார் ஐயாவுக்கு விழுங்குவதில் தடையில்லை என்று மருத்துவர் சோதித்துச் சொல்லியிருந்தார். அவ்வாறு சொல்லப்பட்டவரையும் நிமிர்ந்து அமரச் செய்தே உண்ணவிட வேண்டும். படுத்த நிலையில் ஆகாது. உண்ணும்போது இருமினாலோ, குரல் நீர் கலந்தாற்போல் மாறினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை நோயாளருக்குச் சர்க்கரையை விடுத்து, மிளகும் சிறிது உப்பும் சேர்த்துச் செய்யலாம். எண்ணெய் குறைந்ததால் மட்டும் இது மருந்தாகிவிடாது. அளவோடு உண்ண வேண்டிய பலகாரமே.

இந்த இயந்திரம் எத்தனை வீடுகளில் இருக்கும் என்று வாசகர்கள் கேட்பது நம் காதில் விழுகின்றது. கவலை வேண்டா. தோசைக்கல்லில் சிறு தீ வைத்து, நெய் விட்டுப் புரட்டிப் புரட்டி எடுத்தாலும் இது நன்றாகவே அமையும். அதனினும் மேலானது நம் குழிப்பணியாரச் சட்டி. குழிக்கு ஒரு கட்டியாக இட்டு, குச்சியால் திருப்பிவிட்டால், நான்கு புறமும் சிவந்து ஒரு வாய் அளவில் எழும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே ஒரு குழி அமைத்த நம் பாட்டிமார், இந்த அளவின் அருமையை முன்பே அறிந்திருந்தனர் போலும்.

வாத்தியார் ஐயா வீட்டில் அந்த இயந்திரம் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகின்றது. ஆனால் அது கற்பித்த அளவு மற்ற நாள்களிலும் நிலைத்துவிட்டது. இட்டிலியை அம்மையார் ஒன்றுக்கு எட்டாக வெட்டி வைக்கின்றார். தோசையைச் சுருட்டித் துண்டு போடுகின்றார். களியை நெல்லிக்காய் அளவு உருட்டி, குழம்புக் கிண்ணத்தின் ஓரமாக அடுக்குகின்றார். ஐயா இடக்கையால் எடுத்துத் தோய்த்து உண்கின்றார். சட்டையில் சிந்துகின்றது. சிந்தினால் என்ன? துணியைத் துவைத்துக்கொள்ளலாம். அந்தக் கையால் இப்போது கையெழுத்துப் போடவும் பழகி வருகின்றார். எழுத்து இன்னும் அச்சுப் போல் வரவில்லை என்பது அவருடைய குறை. அவருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதியோரும் நோயாளரும் உள்ள வீடுகள் நம் பகுதியில் பெருகி வருகின்றன. இளையோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, ஒருவரையொருவர் தாங்கி வாழும் கிழவரும் கிழவியுமே பல வீடுகளில் உள்ளனர். அவர்களுக்குப் பொருள் அனுப்பும் பிள்ளைகளைக் குறை சொல்லோம். தொலைவிலிருந்து காட்டக்கூடிய அன்பு அது. ஆனால் அந்த மகள் பெட்டியை வாங்கி அனுப்பியதோடு நின்றிருந்தால், அது அலமாரியின் மேல் ரொட்டிப் பொட்டலங்களோடு தூசி படிந்திருக்கும். அவர் தாமே வந்து, தந்தையின் கையைப் பார்த்து, அந்தக் கைக்கு ஏற்ற அளவில் ரொட்டியை வெட்டினார். செயலற்றது ஒரு கைதான். மற்றொரு கை நலமாகவே இருந்தது. அதனைப் பயன்படுத்த வழியில்லாமல் செய்தது, பெரிய துண்டும் பழைய நாணமுமே.

நோயுற்றவருக்கு உதவ விரையும்போது, அவரால் எது முடியாது என்றே நாம் முதலில் கணக்கிடுகின்றோம். முடியாததை எல்லாம் நாமே செய்துவிடுகின்றோம். முடிந்ததையும் சேர்த்துச் செய்துவிடுகின்றோம். அவரால் முடிந்தது எவ்வளவோ, அந்த அளவுக்கு உணவைச் சிறிதாக்கி, தண்ணீர்க் குவளையை இலேசாக்கி, நாற்காலியை அருகே நகர்த்தி வைத்துவிட்டு, பொறுமையோடு ஒதுங்கி நிற்பதும் உதவியே. ஊட்டுவதைவிட அது கடினம், நேரமும் மிகுதியாகும்.

ஐயாயிரம் பேர் உண்ட பின்பும், மீந்த துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர் என்று யோவான் நற்செய்தியில் படிக்கின்றோம். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அவை துண்டுகளே அன்றி முழு அப்பங்கள் அல்ல. துண்டு என்பதற்காக எதுவும் வீணாக வேண்டியதில்லை.

ஆகவே, அன்பு வாசகர்களே, நோயாளரைப் பார்க்க அடுத்த முறை ரொட்டி வாங்கிச் செல்லும்போது, இரண்டு முட்டைகளும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வீட்டாரிடம் கத்தியும் சட்டியும் கேட்டு வாங்கி, ஒரு வாய் அளவாக வெட்டிச் செய்யுங்கள். தட்டை நோயாளரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அவரோடு சற்று நேரம் அமருங்கள். அதில் ஒன்றை நீங்களும் எடுத்து உண்ணுங்கள். ஏலக்காய் அதிகம் என்று அவர் சொன்னால் மனம் நோகாதீர்கள்.